தெரப்பி அறையில் விரிகிற கை, வீட்டுக்கு வந்ததும் மூடிக்கொள்கிறது

வலதுகை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் எழுதத் துணிந்தேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு 7 வயது. வலப்பக்க ஹெமிப்லீஜியா, அதாவது மூளைப் பாதிப்பால் வலப்பக்கக் கையும் காலும் சரியாக இயங்காது. நிறைமாதத்தில் பிறந்தவன், பிரசவத்திலும் சிக்கல் இல்லை. 5 மாதத்தில், மேலே தொங்கவிட்ட கிலுகிலுப்பையை இடக்கையால் மட்டும் எட்டிப் பிடிப்பான். வலக்கை மூடியே இருக்கும், கட்டைவிரல் உள்ளே போய். ‘இடக்கைப் பழக்கம் போல’ என்று வீட்டில் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். 11 மாதத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான், பிறப்பை ஒட்டிய நாட்களில் மூளையின் இடப்பக்கத்தில் ரத்த ஓட்டம் அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தது. ஒரு வயதுக்குள் குழந்தை ஒரே கையை மட்டும் நீட்டினால் அது பழக்கம் இல்லை, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறி என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து ஃபிசியோ, ஓ.டி. (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தெரப்பி) இரண்டும் நிற்காமல் நடக்கின்றன. கைத்திறனுக்கு எம்.ஏ.சி.எஸ். என்ற அளவுகோலில் 2ஆம் நிலை என்று எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான பொருட்களைக் கையாள்வான், ஆனால் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் தடுமாறி என்று அர்த்தமாம்.

என் குழப்பம் இதுதான். தெரப்பி அறையில் அவன் வலக்கையால் மர ஆணிகளைத் துளைப் பலகையில் செருகுகிறான். போன வாரம் 12 ஆணி. ஒவ்வொன்றுக்கும் உதட்டைக் கடித்து, முழு உடம்பையும் முன்னால் சாய்த்து, எப்படியோ செருகிவிடுகிறான். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றியதும் அந்தக் கை காணாமல் போய்விடுகிறது. தண்ணீர் பாட்டிலைத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு இடக்கையால் மூடியைத் திருகுகிறான். ஜாக்கெட்டின் கீழ் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு ஜிப்பை இழுக்கிறான். பற்பசை மூடியும் பல்லால்தான். வலக்கை மார்போடு மடங்கி, யாரோ அங்கே வைத்துவிட்டு மறந்துபோன பை மாதிரி இருக்கிறது.

ஒரு நாள் அவன் கட்டைகளை அடுக்கி விளையாடும்போது அவனுக்குத் தெரியாமல் 10 நிமிடம் வீடியோ எடுத்தேன். வலக்கை கட்டையைத் தொட்டது 4 தடவை. அதில் 2 தடவை தெரியாமல் பட்டு, அடுக்கியதைச் சாய்த்தது.

நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ‘வலது கை எங்கே?’ என்று கேட்கிறேன் என்று என் கணவர் எண்ணிப் பார்த்தார். மதியத்துக்குள் 23. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை மகனே சொல்லிவிட்டான்: “அது தூங்குதும்மா. எழுப்பாதே.”

முடிகிற கையை ஏன் பயன்படுத்த மாட்டேன் என்கிறான்? சோம்பலா, அடமா? இடக்கையைக் கட்டிப்போட்டால் வலக்கை வேலை செய்யும் என்கிறார்களே, அதை வீட்டில் செய்யலாமா? இன்னொன்று, ஓடும்போது வலது முழங்கை மடங்கி மேலே ஏறுகிறது. நடக்கும்போது இவ்வளவு இல்லை. இறுக்கம் கூடிக்கொண்டு போகிறதா? சின்ன வயசைத் தாண்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒருவர் சொன்னதிலிருந்து ராத்திரி தூக்கம் சரியாக இல்லை.


பத்துவயசு அப்பா:

சகோதரி, கட்டிப்போடுவது பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதைச் செய்து கெட்டவன்.

என் மகளுக்கு 10 வயது, இடப்பக்கம். அவளுக்கு 5 வயது இருக்கும்போது எதையோ படித்துவிட்டு, வலக்கையில் பெரிய காலுறை ஒன்றை மாட்டி மணிக்கட்டில் முடிச்சுப் போட்டேன். காலையில் 2 மணி நேரம், மாலையில் 2 மணி நேரம் என்று திட்டம். முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள், எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக் காலுறையைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டாள். பல்லால் முடிச்சவிழ்ப்பதில் அவளுக்கு நல்ல பயிற்சி கிடைத்தது, அதுதான் மிச்சம். அதற்கப்புறம் ஒரு மாதம் நான் பக்கத்தில் போனாலே கையைப் பின்னால் மறைத்துக்கொள்வாள்.

ஒரு வருடம் கழித்து முறையாக ஒரு முகாமில் சேர்த்தோம். அங்கேயும் நல்ல கைக்கு உறைதான், ஆனால் ஒரு நாளைக்கு 6 மணி நேரம், ஒவ்வொரு குழந்தைக்கும் பக்கத்திலேயே ஒரு ஆள், முழுக்க விளையாட்டு. முதலில் கை எட்டுகிற உயரத்தில், பிடிக்கிற அளவில் பொருட்கள். பிறகு கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் சின்னதாக. இரண்டு வாரத்தில் அவள் இடக்கையால் கதவுக் கைப்பிடியை அழுத்தித் திறந்தாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

உறை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். என் வீட்டில் அதற்குப் பின்னால் எந்த யோசனையும் இல்லை. நல்ல கையைப் பிடுங்கிக்கொண்டு, மற்றதால் என்ன செய்வது என்று சொல்லித்தராமல் விட்டேன். அவ்வளவுதான் என் தப்பு.


கைப்பயிற்சி:

வணக்கம்மா. நான் ஓ.டி., குழந்தைகளின் கைகளோடுதான் வேலை. உங்கள் பையனைப் பார்க்காமல் எழுதுகிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சோம்பலும் இல்லை, அடமும் இல்லை. எட்வர்ட் டாப் என்ற ஆராய்ச்சியாளர் குரங்குகளிடம் ஒன்றைப் பார்த்தார். ஒரு கையின் உணர்வு நரம்புகளை மட்டும் துண்டித்தால், தசை நன்றாக இருந்தும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதை விட்டுவிடும். நல்ல கையைச் சில நாட்கள் கட்டி வைத்தால் மறுபடி பயன்படுத்தும். ‘பயன்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டது’ என்று அதைச் சொன்னார்கள். காலுறை, உறை எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் உங்கள் பையன் எதையும் விட்டுவிடவில்லை. பெரியவர்களுக்குப் பக்கவாதம் வந்தால், இருந்த கையை இழக்கிறார்கள். இவனுக்கு அந்தக் கை வேலைக்காரனாக ஒருநாளும் இருந்ததே இல்லை. இடக்கையும் பல்லும் தொடையும் சேர்ந்து ஒரு குழு. வேகமாக வேலை முடிகிறது. பாட்டிலைத் தொடையில் வைக்கிறவன் முட்டாள் இல்லை, சிக்கனக்காரன்.

நீங்கள் எடுத்த 10 நிமிட வீடியோ இருக்கிறதே, அதைத்தான் நாங்களும் எடுக்கிறோம். ஸ்வீடனில் உருவாகி 2003இல் வெளிவந்த ‘அசிஸ்டிங் ஹேண்ட் அசெஸ்மென்ட்’ என்ற மதிப்பீடு கிட்டத்தட்ட அப்படித்தான். இரண்டு கையும் தேவைப்படுகிற பொம்மைகளைக் கொடுத்து, ‘அந்தக் கையால் எடு’ என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், கால் மணி நேரம் விளையாட விட்டுப் படம் எடுப்பார்கள். அந்தக் கை எவ்வளவு பலமானது என்பது அங்கே கேள்வி இல்லை. துணைக்கை தானாக வருகிறதா, வந்தால் எப்படிப் பிடிக்கிறது, எப்படி விடுகிறது என்றுதான் பார்ப்பார்கள். மர ஆணிப் பலகை ‘முடியுமா’ என்று கேட்கிறது. உங்கள் வீடியோ ‘செய்கிறானா’ என்று கேட்கிறது. இரண்டுக்கும் வேறு வேறு பதில் வருவதில் முரண் இல்லை. பெயரைக் கவனியுங்கள், துணைக்கை. அது இன்னொரு இடக்கையாக மாறாது. மாற வேண்டியதும் இல்லை.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்று. துணிப்பைக்குள் சாவி, ரப்பர், ஸ்பூன், சின்னப் பந்து போட்டு, பார்க்காமல் தடவி எடுக்கச் சொல்லுங்கள். இடக்கையால் உடனே சொல்லுவான். வலக்கையால் தடுமாறினால், பிரச்சினை அசைவில் மட்டும் இல்லை, தொட்டு அறிவதிலும் இருக்கிறது. தான் என்ன பிடித்திருக்கிறது என்று தெரியாத கையை யார் நம்பி வேலைக்கு அனுப்புவார்கள்? இந்தக் குழந்தைகள் பொருளைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிப்பதற்கும் இது ஒரு காரணம். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று முன்கூட்டிக் கணக்குப்போடுவது அவர்களுக்குச் சிரமம். ஆனால் ஒரு பொருளை முதலில் நல்ல கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, பிறகு மற்றக் கையால் தூக்கச் சொன்னால் பிடியின் அளவு மேம்படுவதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நல்ல கை அதற்குச் சொல்லித்தருகிறது. கட்டிப்போட்ட கை சொல்லித்தராது.

அடுத்து, எட்டுவது. ‘முழு உடம்பையும் சாய்த்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். முழங்கை முழுசாக நீளாது, முன்கை உள்பக்கமாகத் திரும்பி உள்ளங்கை தரையைப் பார்க்கும். அந்தக் குறையை உடம்பு ஈடுகட்டுகிறது. அவனைத் திருத்துவதற்கு முன்னால் பொருளை நகர்த்திப் பாருங்கள். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும், பாதம் தரையில் படட்டும். பொருள் வலப்பக்கமாகவும் கொஞ்சம் கிட்டவும் இருக்கட்டும். நிமிர்ந்து நிற்கிற கோப்பையைப் பிடிக்க உள்ளங்கை பக்கவாட்டில் திரும்ப வேண்டும், அது அவனுக்குக் கஷ்டம். படுக்கவைத்த குச்சியை மேலிருந்து பிடிப்பது எளிது. கஷ்டத்தை ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். வலப்பக்கப் பார்வைப்புலம் சரியா என்று ஒருமுறை கண் மருத்துவரிடமும் கேளுங்கள். சில குழந்தைகளுக்கு அந்தப் பக்கம் தெரியவே தெரியாது, கை மேல் பழி விழும்.

உறை போடுவதா, இரண்டு கை வேலையா என்று வாக்குவாதம் நிறைய உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கார்டன் குழுவினர் இரண்டையும் ஒப்பிட்டு 2011இல் வெளியிட்டார்கள். இரண்டு பிரிவுக் குழந்தைகளுக்கும் அதே 90 மணி நேரம், 15 நாட்களில். கை முன்னேற்றம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். குடும்பம் தேர்ந்தெடுத்த அன்றாட வேலைகளில் மட்டும் இரண்டு கைப் பயிற்சி கொஞ்சம் முன்னால் நின்றது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஜிப் போடக் கற்க ஜிப்தான் போட வேண்டும். ஒரே ஒரு வேலையைக் குறிவைத்தால் பொதுவாக 14 முதல் 25 மணி நேரப் பயிற்சி தேவைப்படுகிறது. தினமும் அரை மணி என்றால் 28 முதல் 50 நாள். மலைப்பாக இல்லையே?

வெறுமனே கையை நீவி இழுத்துவிடுவதால் கைப்பயன்பாடு கூடாது. போடாக்ஸ் ஊசி இறுக்கத்தைச் சுமார் 3 மாதம் தளர்த்தும். அந்த 3 மாதத்தில் பயிற்சி இல்லையென்றால் ஊசி போட்டது வீண்.

ஓடும்போது முழங்கை ஏறுவது பெரும்பாலும் உடம்பின் மற்றப் பக்கம் மெனக்கெடும்போது கூடவே எழுகிற அசைவு. ஓட்டம், பரபரப்பு, கொட்டாவி, எல்லாவற்றுக்கும் ஏறும். இதற்கு ஒரு எளிய சோதனை. அவன் நன்றாகத் தூங்கும்போது முழங்கையை மெதுவாக நீட்டிப் பாருங்கள். மணிக்கட்டையும். முழுசாக நீண்டால் அது விழித்திருக்கும்போது வருகிற இறுக்கம் மட்டும்தான். தூக்கத்திலும் ஓரிடத்தில் தடுத்து நின்றால் தசை நீளம் குறைய ஆரம்பித்திருக்கிறது, எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலும்பு வேகமாக வளரும் வயதுகளில் தசை பின்தங்கும். அதனால் 6 மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்து தேதியோடு எழுதி வையுங்கள்.

வயது விஷயம். முதல் சில வருடங்களில் முன்னேற்றம் வேகம் என்பது உண்மை. ஆனால் அதற்கப்புறம் கதவு சாத்திவிடுகிறது என்பது பொய். நான் சொன்ன 90 மணி நேர ஆய்விலேயே மூன்றரை முதல் 10 வயது வரை குழந்தைகள் இருந்தார்கள்.


வலதுகை அம்மா:

ரொம்ப நன்றி. துணிப்பை விளையாட்டை இன்றைக்கே செய்தேன். இடக்கையால் 6 பொருளும் சரி. வலக்கையால் சாவியை மட்டும் சொன்னான், அதுவும் கிணிங் என்று சத்தம் கேட்டதால். எனக்குக் கை நடுங்கிவிட்டது. இத்தனை வருடம் இதை யாரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தூங்கும்போது முழங்கை முழுசாக நீண்டது. மணிக்கட்டும் நேராக வந்தது. ஆனால் மணிக்கட்டை நேராக்கியதும் விரல்கள் தாமாகச் சுருண்டுகொண்டன. இது சரியா? இன்னொன்றும் கேட்க விட்டுப்போனது. இடக்கையால் எழுதும்போது வலக்கை விரல்களும் முஷ்டிக்குள்ளே அசைகின்றன. ‘கையைச் சும்மா வை’ என்றால் வைக்க முடியவில்லை.


ஒன்றரைக்கை:

அக்கா, எனக்கு 36 வயது. பிறந்ததிலிருந்து வலப்பக்கம். உங்கள் மகன் இன்னும் முப்பது வருடத்தில் எழுதக்கூடியதை நான் இப்போது எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விரல் சுருண்டதைப் பற்றி முதலில், அது எனக்கு நன்றாகத் தெரிந்த பூட்டு. விரல்களை மடக்குகிற தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து போகின்றன. மணிக்கட்டை நிமிர்த்தினால் அவை இழுபட்டு விரல் மூடும், மணிக்கட்டை உள்பக்கம் தொங்கவிட்டால் தளர்ந்து விரல் திறக்கும். இது எல்லார் கையிலும் உண்டு, நீங்களே இப்போது செய்து பாருங்கள். எங்கள் கையில் அந்தத் தசைகள் இறுக்கமாக இருப்பதால் பல மடங்கு தெரியும். நான் பிடித்த பொருளை விட வேண்டுமென்றால், கையை மேசை விளிம்பில் வைத்து மணிக்கட்டை மடக்குவேன். விரல்கள் ஒவ்வொன்றாக, சுண்டுவிரல் கடைசியாக, விடும். ‘மணிக்கட்டை நேரா வை, நேரா வை’ என்று என் சிறுவயது முழுக்கச் சொன்னார்கள். நேராக வைத்தால் கை பூட்டிக்கொள்ளும். கோணலாக இருந்ததுதான் என் சாவி. பார்க்க அழகாக இல்லாததால் அதைப் பிடுங்கப் பார்த்தார்கள். உங்கள் மகன் மணிக்கட்டை மடக்குவதைப் பார்த்தால், திருத்துவதற்கு முன்னால் அப்போது அவன் எதையாவது விடப் பார்க்கிறானா என்று பாருங்கள்.

எழுதும்போது மற்றக் கை அசைவதும் எனக்கு உண்டு. கண்ணாடி அசைவு என்பார்கள். சிறுவயதிலேயே மூளையின் ஒரு பக்கம் பழுதானால், சிலருக்கு நல்ல பக்கமே இரண்டு கைக்கும் கம்பி இழுத்துவிடுகிறது. அதனால் ஒரு கைக்குப் போகிற கட்டளையின் எதிரொலி மற்றதற்கும் போகும். ‘சும்மா வை’ என்று சொல்வது, கண்ணிமைக்காதே என்று சொல்வது மாதிரி. கொஞ்ச நேரம் முடியும், ஆனால் அந்த நேரத்தில் வேறெதையும் யோசிக்க முடியாது. வகுப்பில் அந்தக் கையை அடக்கிவைப்பதிலேயே என் பாதிப் பாடம் போனது. அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். நோட்டு நகராமல் மேலே கனமாகக் கிடக்கட்டும். அப்போது அசைந்தாலும் யாருக்கும் நட்டமில்லை.

‘வலது கை எங்கே’ கேள்வி. மன்னிக்க வேண்டும் அக்கா, ஆனால் இதைச் சொல்லத்தான் எழுதவே வந்தேன். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி ‘கையை நீட்டு’. படம் எடுக்கும்போது, விருந்தாளி வரும்போது, நடக்கும்போது. ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் முழங்கை இன்னும் இரண்டு விரல்கடை மேலே ஏறும். ஏனென்றால் பதற்றம் இறுக்கத்தைக் கூட்டும். நீட்டச் சொன்னதால் மடங்கிய கை என்னுடையது. அப்புறம் 12 வயதில் நானாகவே அந்தக் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளப் பழகினேன். அது 10 வருடம் பையிலேயே இருந்தது.

எந்தப் பயிற்சியை விடவும் எனக்கு உதவியது சைக்கிள். 9 வயதில் அடம்பிடித்து வாங்கினேன். அப்பா இரண்டு பிரேக்கையும் இடப்பக்கத்து ஒரே பிடிக்கு மாற்றித்தரச் செய்தார். வலக்கைக்கு ஒரே வேலை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருப்பது. முதலில் அப்பா விரல்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்துவிடுவார். ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்தால் விரலைப் பிரித்தெடுப்பதும் அவர் வேலை, பசை போட்டு ஒட்டின மாதிரி இருக்கும், இரண்டு பேரும் சிரிப்போம். கோடை முடிவதற்குள் நானே பிடித்தேன், நானே விட்டேன். அந்தக் காலம் முழுக்க யாரும் அதைப் பயிற்சி என்று சொல்லவில்லை. மேட்டில் ஏறும்போது கைப்பிடி நேராக நிற்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் இழுத்தாக வேண்டும், கைக்கு அது புரிந்தது.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சிறுவயதில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு இப்போது வலிப்பது நல்ல தோள்தான். இடத்தோள். 33 வயதில் ஆரம்பித்தது. முப்பது வருடம் இரண்டு கையின் சுமையையும் அது தூக்கியிருக்கிறது. துணைக்கையை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வேலைக்கு வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அழகுக்காக இல்லை, இந்தத் தோளுக்காக. இப்போது பையின் வார் வலது முழங்கை மடிப்பில்தான் தொங்கும். மடங்கியே இருக்கிற முழங்கை நல்ல கொக்கி. கோப்பு, குடை, துண்டு எல்லாம் அங்கேதான். காகிதக் கோப்பையை மட்டும் இன்றுவரை கொடுப்பதில்லை, நசுக்கிவிடும்.

அவனிடமே கேளுங்கள், இரண்டு கையும் வேண்டிய எந்த வேலை அவனுக்கு ஆசை என்று. நீங்கள் நினைக்கிற வேலையாக அது இருக்காது.


கைப்பயிற்சி:

தம்பி மணிக்கட்டைப் பற்றிச் சொன்னதைத்தான் அறுவை மருத்துவர்களும் பார்ப்பார்கள். மணிக்கட்டை நிமிர்த்தத் தசைநாணை இடம்மாற்றித் தைக்கும் முன்னால், மணிக்கட்டு நேராக இருக்கும்போது விரல் திறக்கிறதா என்று சோதிப்பார்கள். திறக்காத கையை நிமிர்த்திவிட்டால், படத்துக்கு நன்றாக இருக்கும், பொருளை விட முடியாது. கையை நேராகப் பிடித்துவைக்க மாட்டும் ஸ்பிளின்ட்டுக்கும் இது பொருந்தும். அம்மா, உங்கள் தெரப்பிஸ்டிடம் ‘மணிக்கட்டு நேராக இருக்கும்போது விரல் எவ்வளவு நீள்கிறது’ என்று கேட்டு அளந்து எழுதி வாங்குங்கள். தொட்டு அறிவதையும் சேர்த்து மதிப்பிடச் சொல்லுங்கள்.


வலதுகை அம்மா:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

கேட்டேன். நான் ஜிப் அல்லது ஷூ லேஸ் என்று எதிர்பார்த்தேன். “ராக்கெட் விடணும். பேப்பர் ராக்கெட். நானே மடிக்கணும்” என்றான். இதுவரை அவன் அப்பாதான் மடித்துக்கொடுப்பார். நான் எதுவும் சொல்லித்தரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒன்று மடித்தேன். முதல் நாள் இடக்கையாலும் முகவாயாலும் அழுத்தினான். காகிதம் நழுவிக்கொண்டே போனது, திட்டினான், கிழித்துப் போட்டான். மூன்றாம் நாள், மடிப்பைத் தேய்க்கும்போது, வலக்கை முஷ்டியாகவே மேலே வந்து காகிதத்தின் நடுவில் உட்கார்ந்தது. நான் என் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டுதான்.

இப்போது ஒரு நாளைக்கு 8, 9 ராக்கெட். முஷ்டி உட்காருகிற இடத்தில் எல்லாவற்றிலும் ஒரு கசங்கல் இருக்கிறது, அதனால் எல்லாம் இடப்பக்கமாகச் சாய்ந்து போய் அலமாரி மேல் விழுகின்றன. அவனுக்கு அதில்தான் கோபம். நேராகப் பறக்க வேண்டுமாம். கசங்காமல் அழுத்த என்ன வழி?


ஒன்றரைக்கை:

கெட்டிக் காகிதம் கொடுங்கள், பழைய காலண்டர் தாள் நன்றாக நிற்கும். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டால் அவ்வளவு பலமாக அழுத்தத் தேவைப்படாது. காகிதத்தை அவனுக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி வைத்துப் பாருங்கள், முஷ்டிக்குப் பதில் முன்கை முழுசாகப் படும். அலமாரி மேல் இருப்பதை எல்லாம் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு நீளக் குச்சி கொடுத்துத் தள்ளச் சொல்லுங்கள், அதற்கும் இரண்டு கை வேண்டும்.